நீதிபதியின் அரசியலை யார் எடை போடுவது?

2023 பிப்ரவரி 7, காலை நேரம். டெல்லியில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு விசாரணைக்கு வருகிறது. மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் கூடுதல் நீதிபதியாக எல். விக்டோரியா கௌரி பதவியேற்பதைத் தடுக்க வேண்டும் என்று சென்னை வழக்கறிஞர்கள் சிலர் போட்ட மனு. அவர் பாரதிய ஜனதா மகளிரணியில் பொறுப்பில் இருந்தவர், சிறுபான்மையினரைப் பற்றி அவர் பேசியதும் எழுதியதும் ஒரு நீதிபதிக்குத் தகாதவை என்பது அவர்கள் வாதம். அங்கே வாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இங்கே சென்னையில் அவர் உறுதிமொழி எடுத்துவிட்டார். மனு தள்ளுபடி. விசாரித்த இருவரில் ஒருவரான நீதிபதி பி.ஆர். கவாய், தமக்கும் அரசியல் பின்னணி உண்டு, அது தம் வேலைக்குக் குறுக்கே வந்ததில்லை என்ற பொருளில் பேசினார். அவருடைய அப்பா ஆர்.எஸ். கவாய் இந்தியக் குடியரசுக் கட்சித் தலைவர். பிற்பாடு பீகாருக்கும் கேரளத்துக்கும் ஆளுநராக இருந்தவர்.

இந்தக் கதைக்கு ஒரு மறுபாதி உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கௌரியின் பெயரைக் கொலீஜியம், அதாவது நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழு, பரிந்துரைத்தது ஜனவரி 17 அன்று. அதே நாளில் மெட்ராஸ் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் இன்னொருவருடைய பெயரை இரண்டாம் முறையாக அரசுக்கு அனுப்பியது. முதல் முறை அனுப்பியபோது உளவுத் துறை அவரைப் பற்றி இரண்டு விஷயங்களைக் குறித்திருந்தது. பிரதமரை விமர்சிக்கும் கட்டுரை ஒன்றைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்திருக்கிறார். நீட் விவகாரத்தில் மாணவி அனிதா இறந்தபோது ஒரு பதிவு பகிர்ந்திருக்கிறார். இதெல்லாம் ஒருவருடைய தகுதியைக் குறைக்காது என்று கொலீஜியம் எழுதியே அனுப்பியது. கௌரி நீதிபதி ஆனார். அந்த வழக்கறிஞரின் கோப்பு நகரவில்லை.

இவை உயர் நீதிமன்றப் பதவிகள்தான். ஆனால் உச்ச நீதிமன்றத்துக்கு ஆள் எடுப்பதும் இதே இயந்திரம்தான், கோப்பு போகும் பாதையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவருக்கு அரசியல் தடையாகவில்லை, இன்னொருவருக்குத் தடையானது. எந்த அளவுகோலால் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நீதிபதி தேர்வில் அரசியல் கருத்தைப் பார்க்கலாமா என்று கேட்டால், எப்படியும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. யார் பார்ப்பது, எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பதில்தான் நமக்குத் தேர்வு இருக்கிறது. இந்தியா இரண்டு வழிகளை நடத்திப் பார்த்திருக்கிறது. மூன்றாவது ஒன்றைச் சட்டமாக்கியது, நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அமெரிக்காவும் ஜெர்மனியும் வேறு இரண்டைக் காட்டுகின்றன.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். ஒரு நீதிபதியின் ‘அரசியல்’ என்று நாம் சொல்லும்போது மூன்று வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, கட்சி: எந்தக் கட்சியில் இருந்தார், எந்தத் தேர்தலில் நின்றார் என்பது. இரண்டு, பார்வை: சொத்துரிமை, இட ஒதுக்கீடு, மத்திய மாநில அதிகாரம், பேச்சுரிமை இவற்றில் அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. மூன்று, விசுவாசம்: இன்ன ஆட்சியை, இன்ன தலைவரைக் காப்பாற்றுவார் என்ற எதிர்பார்ப்பு. பார்வை இல்லாத நீதிபதி கிடையாது. கட்சி இருந்தவர்கள் பலர் நல்ல நீதிபதிகளாகவும் இருந்திருக்கிறார்கள். ஆபத்து மூன்றாவதில்தான். சிக்கல் என்னவென்றால், மூன்றாவதைத் தேடுகிறவர் யாரும் அதைத்தான் தேடுகிறேன் என்று சொல்ல மாட்டார். இரண்டாவதைத் தேடுவதாகத்தான் சொல்வார்.

அரசே பார்த்து எடுப்பது: 1973

இதை நாடாளுமன்றத்தில் நின்று வெளிப்படையாக ஆதரித்துப் பேசியவர் நம்மூர்க்காரர், மோகன் குமாரமங்கலம். முன்னாள் கம்யூனிஸ்ட், மெட்ராஸ் மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், அப்போது இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சர்.

நடந்தது இதுதான். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று பிரிந்து, அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்றார்கள். மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெறும் நேரத்தில், பதவி மூப்பில் அடுத்திருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் தீர்ப்பில் அரசுக்கு எதிர்ப்பக்கம். ரே அரசின் பக்கம் நின்ற ஆறு பேரில் ஒருவர். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

ஒரு நீதிபதியின் தத்துவத்தையும் உலகப் பார்வையையும் கணக்கில் எடுக்க அரசுக்கு உரிமை உண்டு என்பது குமாரமங்கலத்தின் வாதம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வங்கி தேசியமயத்தையும் மன்னர் மானிய ஒழிப்பையும் 1970-ல் நீதிமன்றம் அடித்துப்போட்டது. அதற்குப் பிறகு 1971-ல் மக்கள் இந்திராவுக்கு 352 இடங்களைக் கொடுத்தார்கள். சொத்துள்ளவன் பக்கம் சாய்வதும் ஒரு அரசியல்தானே, அதை ஏன் ‘நடுநிலை’ என்று கூப்பிட வேண்டும் என்று கேட்டால், நேர்மையான பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால் அந்த வாதத்தை அடுத்து வந்த ஆண்டுகளே சோதித்துப் பார்த்துவிட்டன. 1976 ஏப்ரலில் நெருக்கடி நிலைக் கால ஆட்கொணர்வு வழக்கு. காரணமில்லாமல் சிறையில் அடைத்தாலும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று நான்கு பேர் சொன்னார்கள், அவர்களில் ரே ஒருவர், எம்.எச். பேக் ஒருவர். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி மூப்புப்படி கன்னாவுக்கு வரவேண்டியது, பேக்குக்குப் போனது. இங்கே சொத்துடைமை, சோஷலிசம் எதுவும் பேச்சில் இல்லை. பார்வை என்ற பெயரில் தொடங்கியது நான்கு வருஷத்தில் விசுவாசத்தில் வந்து நின்றது.

சரி, அப்படியானால் கட்சிப் பின்னணிதான் காரணமா? இல்லை என்பதற்கு அதே காலத்து மூன்று பேரை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

தாண்டப்பட்ட கே.எஸ். ஹெக்டே அசல் காங்கிரஸ்காரர். 1952 முதல் 1957 வரை மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினர்; அங்கிருந்து நேராக மைசூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர். காங்கிரஸ் அரசு எதிர்பார்த்த தீர்ப்பை அவர் கொடுக்கவில்லை. பின்னாளில் ஜனதா கட்சியில் சேர்ந்து மக்களவை சபாநாயகர் ஆனார்.

வி.ஆர். கிருஷ்ணய்யர் 1952-ல் மெட்ராஸ் சட்டமன்ற உறுப்பினர், 1957-ல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டமும் உள்துறையும் பார்த்த அமைச்சர். 1973 ஜூலையில் இந்திரா அரசு அவரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது, கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவரை நீதிபதியாக்குவதா என்று வழக்கறிஞர்கள் மத்தியில் எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டு வருஷம் கழித்து 1975 ஜூன் 24 அன்று, தம் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு முழுத் தடை கேட்டு அதே இந்திரா அவர் முன்னால் வந்தார். கிருஷ்ணய்யர் கொடுத்தது நிபந்தனையோடு ஒரு தடை: பிரதமராகத் தொடரலாம், அவைக்குப் போகலாம், ஆனால் எம்.பி.யாக ஓட்டுப் போடக்கூடாது, அந்தச் சம்பளமும் வாங்கக்கூடாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை.

மூன்றாமவர் பஹாருல் இஸ்லாம். பத்தாண்டு காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர். 1972-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டு குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார், 1980-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவரை அந்த ஆண்டு டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். 1982 டிசம்பரில் பீகார் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவுக்கு எதிரான கூட்டுறவு வங்கி வழக்கைத் திரும்பப் பெறலாம் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் அவர் இருந்தார். அடுத்த மாதமே ராஜினாமா செய்து, அசாமில் பார்பேட்டா தொகுதிக்குக் காங்கிரஸ் வேட்பாளர் ஆனார். அங்கே தேர்தல் நடக்கவில்லை. மறுபடியும் மாநிலங்களவைக்கே போனார்.

மூவருமே சட்டமன்றத்தையோ நாடாளுமன்றத்தையோ பார்த்தவர்கள். கட்சிக்காரரை நீதிபதியாக்கக் கூடாது என்று ஒற்றை வரியில் தடை போட்டிருந்தால் பஹாருல் இஸ்லாம் வெளியே நின்றிருப்பார், கூடவே ஹெக்டேயும் கிருஷ்ணய்யரும் வெளியே நின்றிருப்பார்கள். ரே நுழைந்திருப்பார், ஏனென்றால் தடுக்கும்படியான கட்சிப் பதவி எதுவும் அவருக்கு இல்லை.

நீதிபதிகளே எடுப்பது: கொலீஜியம்

1973-ன் தழும்புதான் 1993. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, நியமனத்தில் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று தீர்ப்பளித்தார்கள். 1998-ல் அதை விரித்து, தலைமை நீதிபதியும் மூத்தவர்கள் நால்வரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றார்கள். அரசியல் சாசனத்தில் கொலீஜியம் என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், தலைமை நீதிபதியின் ஒப்புதல் கட்டாயம் என்று வைக்கலாமா என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே வந்தது. தலைமை நீதிபதியும் நம்மைப் போல் விருப்பு வெறுப்புள்ள மனிதர்தான், அவருக்கு அப்படி ஒரு ரத்து அதிகாரம் கொடுப்பது ஆபத்து என்று அம்பேத்கர் அதை ஏற்கவில்லை.

கொலீஜியத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பலர் கொடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். 1973 மாதிரி மூன்று பேரைப் பட்டப்பகலில் தாண்டும் துணிச்சல் அதற்குப் பிறகு எந்த அரசுக்கும் வரவில்லை. ஆனால் இந்த முறை அரசியலை வெளியே நிறுத்தவில்லை, பின்வாசல் பக்கம் அனுப்பிவிட்டது. கொலீஜியம் இரண்டாம் முறை அனுப்பினால் அரசு ஏற்க வேண்டும் என்பது விதி. எத்தனை நாளுக்குள் என்று கறாரான கெடு எதுவும் வேலை செய்வதில்லை. ஆகவே பிடிக்காத பெயரை மறுக்க வேண்டிய அவசியமே இல்லை, கோப்பை மேசையில் வைத்திருந்தால் போதும். ஆள் அலுத்துப்போய் தானே விலகுவார், அல்லது வயது ஏறிவிடும்.

2014-ல் மூத்த வழக்கறிஞர் கோபால் சுப்ரமணியத்தின் பெயரை மட்டும் பிரித்துத் திருப்பிவிட்டு, கூட அனுப்பிய மற்றப் பெயர்களை அரசு ஏற்றது. அவர் விலகிக்கொண்டார். கே.எம். ஜோசஃப் 2016-ல் உத்தராகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்த அமர்வின் தலைவர். 2018 ஜனவரியில் அவருடைய பெயர் போனது. பதவி மூப்பு இல்லை, கேரளத்துக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது என்ற காரணங்களோடு ஏப்ரலில் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பி, ஆகஸ்டில் நியமனம் ஆனபோது, அன்று மெட்ராஸ் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த இந்திரா பானர்ஜிக்கும் வினீத் சரணுக்கும் கீழே மூன்றாவதாக அவர் பெயர் இருந்தது. உத்தராகண்ட் தீர்ப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அரசு சொன்னது. இருக்கலாம். ஆனால் நம்புவதா வேண்டாமா என்று சோதித்துப் பார்க்க நம் கையில் ஒரு காகிதமும் இல்லை. அதுதான் இந்த முறையின் நோய்.

மறுபக்கம், கொலீஜியத்துக்கு உள்ளேயும் அரசியல் உண்டு. அது கட்சி அரசியலாக இருக்க வேண்டியதில்லை. யாருடைய ஜூனியர், யாருடைய உறவு, எந்த ஊர் வழக்கறிஞர் வட்டம் என்பதாக இருக்கலாம். ‘அங்கிள் ஜட்ஜ்’ என்ற கேலிப் பெயர் நீதிமன்ற வளாகங்களில் சும்மா பிறக்கவில்லை.

வெளியே வைத்து விசாரிப்பது: அமெரிக்கா

இந்த மூடுமந்திரம் வேண்டாம், அமெரிக்கா மாதிரி டிவி முன்னால் உட்காரவைத்துக் கேளுங்கள் என்று நண்பர்கள் பலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதிபர் நியமிப்பார், செனட் விசாரித்து ஓட்டுப் போடும்; எல்லாம் திறந்த வெளி.

அந்த ஓட்டுக் கணக்கை வரிசையாகப் பார்த்தால் போதும். 1986-ல் பழமைவாதி என்று ஊருக்கே தெரிந்த ஸ்கலியாவுக்கு 98-0. 1993-ல் தாராளவாதி கின்ஸ்பர்க்குக்கு 96-3. 2020-ல் பாரெட் 52-48. 2022-ல் ஜாக்சன் 53-47. நடுவே 1987-ல் போர்க் 58-42 என்று தோற்கடிக்கப்பட்டார். 2016 மார்ச்சில் ஒபாமா நியமித்த மெரிக் கார்லண்டுக்குத் தேர்தல் ஆண்டு என்று சொல்லி, செனட்டில் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி விசாரணைகூட நடத்தவில்லை. 2020-ல் தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது அதே கட்சி பாரெட்டை உறுதிசெய்தது. 2017-ல் நீண்ட விவாதத்தால் தடுக்கும் வழியையும் செனட் எடுத்துவிட்டது, இப்போது 51 பேர் இருந்தால் போதும். 51 போதும் என்றானபின் எதிர்க்கட்சிக்கும் பிடித்த ஆளைத் தேட எந்த அதிபருக்கும் காரணமில்லை.

இத்தனைக்கும் அந்த விசாரணையில் என்ன தெரிகிறது? வரப்போகும் வழக்கு பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டேன் என்று எல்லாருமே ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். கருத்து எல்லாருக்கும் தெரியும், வாயால் மட்டும் வராது. ஆயுள் பதவி வேறு. அறுபதைத் தாண்டியவரை நியமிப்பது வீண் என்ற கணக்கு தானாக வந்துவிடுகிறது.

அதைவிட எளிய காரணம் ஒன்று, இந்த முறை நமக்குப் பொருந்தாது என்பதற்கு. அங்கே மொத்தம் ஒன்பது நீதிபதிகள், ஒன்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்து வழக்குக் கேட்பார்கள். இங்கே தலைமை நீதிபதியோடு சேர்த்து 34 பேர், 65 வயதில் ஓய்வு. 2021 ஆகஸ்ட் 31 அன்று ஒரே நாளில் ஒன்பது பேர் பதவியேற்றார்கள்; நம்மூர் எம்.எம். சுந்தரேஷ் அவர்களில் ஒருவர். அமெரிக்காவின் முழு உச்ச நீதிமன்றமும் ஒரு காலைப் பொழுதில் நிரம்பிய மாதிரி. ஒவ்வொருவருக்கும் நான்கு நாள் டிவி விசாரணை என்றால் மக்களவைக்கு வேறு வேலை இருக்காது.

இன்னொன்று, இங்கே இரண்டு பேர், மூன்று பேர் அமர்வாகத்தான் பெரும்பாலான வழக்குகள். எந்த அமர்வுக்கு எந்த வழக்கு என்று முடிவு செய்வது தலைமை நீதிபதி. 2018 ஜனவரி 12 அன்று செலமேஸ்வர், கோகோய், லோகூர், குரியன் ஜோசஃப் நால்வரும் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுக் குறைப்பட்டது வழக்கு ஒதுக்கீட்டைப் பற்றித்தான். நம் உச்ச நீதிமன்றத்தில் ஒருவருடைய அரசியல் உள்ளே வருவதைவிட, அந்த அரசியல் எந்த வழக்கோடு சேர்த்து உட்காரவைக்கப்படுகிறது என்பது பெரிய கேள்வி. நியமனத்தை மட்டும் சீர்திருத்திவிட்டு இதைத் தொடாமல் விட்டால் பாதிக் கிணறுதான். அது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே விடுகிறேன்.

கலந்து எடுப்பது: 2014-ன் ஆணையமும் ஜெர்மனியும்

2014-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித் துறை நியமன ஆணையத்தில் ஆறு பேர்: தலைமை நீதிபதி, மூத்த நீதிபதிகள் இருவர், சட்ட அமைச்சர், ‘சிறந்த மனிதர்கள்’ இருவர். அந்தச் சிறந்த மனிதர்களைப் பிரதமரும் தலைமை நீதிபதியும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். ஆறில் எந்த இருவர் எதிர்த்தாலும் பெயர் விழுந்துவிடும். 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று இதை ரத்து செய்தது. செலமேஸ்வர் மட்டும் மறுத்தார்.

சிறந்த மனிதர் என்றால் யார்? சட்டம் படித்தவரா, கிரிக்கெட் ஆடியவரா? சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்கு அந்த இருவரைத் தேர்வதில் மூன்றில் ஒரு குரல், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆளும் தரப்பின் அமைச்சருக்கோ உள்ளேயே நாற்காலி. அதனால் அந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு இரண்டு மனம்: அந்த வடிவம் விழுந்ததில் வருத்தமில்லை, பழைய கொலீஜியம் அப்படியே திரும்பி வந்ததில் சந்தோஷமும் இல்லை.

ஜெர்மனிக்காரர்கள் அரசியலை மறைக்கவே முயலவில்லை. அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றத்தில் 16 பேர். பாதிப் பேரை நாடாளுமன்றம், பாதிப் பேரை மாநிலங்களின் அவை தேர்ந்தெடுக்கும். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 12 ஆண்டு, ஒரே முறை, 68 வயதோடு முடிந்தது. ஒரு கட்சியால் தனியாக யாரையும் உட்காரவைக்க முடியாது என்பதால், உன் ஆளுக்கு நான், என் ஆளுக்கு நீ என்று கட்சிகள் பேசி முடிப்பார்கள். கேட்க அசிங்கமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் எதிரணிக்கும் சகிக்க முடிந்த ஆள்தான் தேறுவார். சார்லாந்து மாநில முதல்வராக இருந்த பீட்டர் முல்லர் 2011-ல் நேராக அங்கே நீதிபதி ஆனார். எம்.பி.யாக இருந்த ஸ்டெஃபான் ஹார்பார்த் 2018-ல் நீதிபதி, 2020-ல் அந்த நீதிமன்றத்தின் தலைவர். கட்சி வெளிப்படை, பார்வை வெளிப்படை. விசுவாசத்துக்கு மட்டும் இடம் குறைவு, ஏனென்றால் மறு நியமனம் கிடையாது, எதிர்க்கட்சியின் ஓட்டும் வாங்கித்தான் வந்திருக்கிறார்.

இதற்கும் குறை உண்டு. 2025 ஜூலையில் சமூக ஜனநாயகக் கட்சி முன்மொழிந்த சட்டப் பேராசிரியர் பிரௌகே புரோசியஸ்-கெர்ஸ்டார்ஃபுக்கு எதிராகக் கூட்டணிக்குள்ளேயே, முக்கியமாகக் கருக்கலைப்புப் பற்றிய அவர் கருத்துக்காக, எதிர்ப்பு எழுந்து ஓட்டெடுப்பே நின்றுபோனது. ஆகஸ்டில் அவர் விலகினார். ஓரத்தில் நிற்பவர்கள், தெளிவாகக் கருத்துச் சொன்னவர்கள், இந்த வடிகட்டியில் தங்கிவிடுகிறார்கள்.

இலங்கையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜே.ஆர். ஜெயவர்தன தனக்குத் தெரிந்த வழக்கறிஞர் நெவில் சமரக்கோனை 1977-ல் நேரடியாகப் பிரதம நீதியரசர் ஆக்கினார்; அவர் தலையாட்டவில்லை, 1984-ல் நாடாளுமன்றத் தெரிவுக்குழு விசாரணைக்கே இழுக்கப்பட்டார். 2001-ல் 17ஆவது திருத்தம், உயர் பதவி நியமனங்களைப் பார்க்கும் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 2010-ல் 18ஆவது எடுத்தது, 2015-ல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது, 2020-ல் 20ஆவது மறுபடி பறித்தது, 2022-ல் 21ஆவது மறுபடி கொடுத்தது. நடுவில் 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கம். நல்ல குழு அமைப்பது ஒரு வேலை, அடுத்த ஆட்சி அதைக் கலைக்காமல் பூட்டுப் போடுவது இன்னொரு வேலை.

போகும் இடம்

இதுவரை பேசியதெல்லாம் நீதிபதி எங்கிருந்து வந்தார் என்பது. எனக்கு அதைவிட உறுத்துவது அவர் எங்கே போகிறார் என்பது.

ஓய்வுக்குப் பின் நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா கேட்டார். நீதிமன்றங்களுக்கு வருவது பெரும்பாலும் தனியார் வழக்குகள், அரசுக்கு அதில் அக்கறை குறைவு என்று அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அன்றைக்கு அது உண்மையாக இருக்கலாம். இன்று உச்ச நீதிமன்றத்தில் ஆகப் பெரிய வழக்காடி அரசுதான். 1958-ல் செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையமும் அந்தத் தடையைச் சிபாரிசு செய்தது. நடக்கவில்லை.

அதனால் வந்த வரிசை நமக்குப் பழக்கமானதுதான். பி. சதாசிவம் 2014 ஏப்ரலில் தலைமை நீதிபதியாக ஓய்வு, செப்டம்பரில் கேரள ஆளுநர். ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு, 2020 மார்ச்சில் மாநிலங்களவை. அப்துல் நசீர் 2023 ஜனவரியில் ஓய்வு, பிப்ரவரியில் ஆந்திர ஆளுநராக நியமனம். எதிர்ப்பக்கமும் உண்டு: 1967-ல் தலைமை நீதிபதி சுப்பா ராவ் பதவியை விட்டுவிட்டு எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஆனார். தமிழ்நாட்டுக்கு இது அனுபவப் பாடம். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஃபாத்திமா பீவி 1997-ல் நம் ஆளுநராக வந்தார். 2001 மே மாதம், தேர்தலில் நிற்கவே தகுதியிழந்திருந்த ஜெயலலிதாவை முதல்வராகப் பதவியேற்கச் செய்தார். அந்த நியமனம் செல்லாது என்று செப்டம்பரில் சொன்னது, பீவி முன்பு நீதிபதியாக அமர்ந்த அதே நீதிமன்றம்தான்.

இவர்கள் தீர்ப்பை விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் நான்கு மாதத்தில் பதவி வந்தால், முந்தைய தீர்ப்பை வாசிக்கிறவன் கண்ணில் சந்தேகம் விழத்தான் செய்யும். நாளை கிடைக்கப்போகும் பதவி, இருபது வருஷம் முன்னால் வைத்திருந்த கட்சி அட்டையைவிடக் கனமானது.

நான் எதைத் தேர்வேன்

ஜெர்மன் வழிக்குப் பக்கத்தில், நம் அளவுக்குத் தைத்த சட்டையாக ஒன்றை. ஒவ்வொரு காலியிடத்துக்கும் இப்போதைய கொலீஜியம் மூன்று பெயர் கொடுக்கட்டும், ஆளின் சட்ட அறிவை எடைபோட அவர்களைவிட நல்ல தராசு இல்லை. அதிலிருந்து ஒருவரை நாடாளுமன்றக் குழு ஒன்று மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் எடுக்கட்டும். குழுவில் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் சரிபாதி இடம் இருக்க வேண்டும். மொத்த அவையிலும் மூன்றில் இரண்டு என்று வைத்தால் நம் நாட்டில் அது காவலே இல்லை. 1984-ல் ராஜீவ் காங்கிரஸ் தனியாகவே 400-ஐத் தாண்டியது. ஒவ்வொரு பெயரோடும் அவருடைய கட்சி உறுப்பினர் காலம், நின்ற தேர்தல், வகித்த அரசு வழக்கறிஞர் பதவி எல்லாம் வெளியிடப்பட வேண்டும். தேர்ந்ததற்கும் தள்ளியதற்கும் காரணம் எழுத வேண்டும், உளவுத் துறைக் குறிப்பு உட்பட. 60 நாளில் முடிவு வராவிட்டால் பட்டியலின் முதல் பெயர் தானாக நியமனம். அப்புறம், ஓய்வுக்குப் பின் ஐந்து வருஷம் ஆளுநர், எம்.பி., கட்சி வேட்பாளர் எதுவும் கிடையாது. அதற்கு ஈடாக ஓய்வூதியத்தை முழுச் சம்பளமாகவே கொடுத்துவிடலாம், நாட்டுக்கு அது பெரிய செலவே இல்லை.

ஓட்டைகள் எனக்கே தெரிகின்றன. முதல் பெயர் பிடித்த தரப்பு 60 நாளையும் வேண்டுமென்றே கடத்தும். அப்போது கொலீஜியம் வரிசைப்படுத்துவதே மறைமுக நியமனம் ஆகிவிடும். குலுக்கல் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன், சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய தடை, நியமனத்தில் நீதித் துறையின் முதன்மை அடிப்படைக் கட்டமைப்பின் பகுதி என்று 2015 தீர்ப்பு சொல்லிவிட்டது. கடைசி வார்த்தை அரசியல்வாதிகள் குழுவிடம் போவதை அந்தத் தீர்ப்பு நிற்கும்வரை எந்த அமர்வும் ஏற்காது. அது ஐந்து பேர் தீர்ப்பு, அதன் வேர் 1993-ன் ஒன்பது பேர் தீர்ப்பு. அதைத் தாண்ட இன்னும் பெரிய அமர்வு உட்கார வேண்டும்.

அப்புறம் என் வழிக்கு நானே ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். ரேயை இந்தக் குழு தடுத்திருக்கும். எதிர்க்கட்சிகளில் ஒருவர்கூடக் கை தூக்கியிருக்க மாட்டார். பஹாருல் இஸ்லாமும் தேறியிருக்க மாட்டார், தேறியிருந்தாலும் பார்பேட்டாவுக்கு 1988 வரை போக முடிந்திருக்காது. ஆனால் 1973 ஜூலையில் கிருஷ்ணய்யரின் பெயர் அந்த மேசைக்கு வந்திருந்தால்? இ.எம்.எஸ். அமைச்சரவையில் இருந்தவருக்கு ஜனசங்கமும் சுதந்திரா கட்சிக்காரர்களும் ஓட்டுப் போட்டிருப்பார்களா? சந்தேகம்தான். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் இந்த வழியைச் சொல்கிறேன்.